பின்னுக்குப் போகாத கார்

அப்பாவின் வள்ளத்து எஞ்சினை விற்றுவிட்டேன், மகன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுகம் விசாரித்து, வெயிலைப் பற்றிச் சொல்லி, பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லி, கடைசியில் இதைச் சொல்லாமலே கடிதத்தை ஒட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஃபோனில் கோல் எடுக்கும்போதெல்லாம் வாய்வரை வந்தது. உன் பின்னால் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், மருமகள் எதையோ கேட்பாள், "அம்மா, ஒரு நிமிஷம்" என்று நீ போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் எனக்கு மனம் மாறிவிடும். அந்த எஞ்சினை அப்பா உனக்காகத்தான் எண்ணெய் பூசி, சாக்கால் மூடி வைத்திருந்தார். நீ கடலுக்குப் போகமாட்டாய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது உன்னுடையது. உன்னிடம் கேட்காமல் விற்றேன். ஏன் விற்றேன் என்று ஆறுதலாகச் சொல்கிறேன், கோபப்படாமல் வாசி.

எல்லாம் காரால் வந்தது. என் இடது முழங்காலுக்குள் தகடு வைத்த வருஷம் அப்பா அந்தக் காரை வாங்கியது உனக்கு நினைவிருக்கும். "கிளட்ச் மிதிக்க உன்ர கால் விடாது, உனக்கு ஒட்டோ கியர்தான் சரி" என்று சொல்லி, ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்த காரைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். அவருக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, கியர் மாற்ற வேண்டிய இடங்களில் அவருடைய கை தானாக எழுந்து திரும்ப மடியில் விழும். "இது தன்ர பாட்டுக்குப் போகுது, எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்று முணுமுணுப்பார். அவர் கண்மூடின பிறகு அந்தச் சீற் வெறுமையாகக் கிடந்தது. சந்தைப் பையை அதில் வைத்துக்கொண்டு போவேன். பை சரிந்து விழாமல் பெல்ற் போட்டுவிடுவேன். இதைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

பென்சன் எடுத்த மனுஷிக்குக் கார் எதற்கு என்று நீ பலதரம் கேட்டிருக்கிறாய். இங்கே பள்ளிமுனையில் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போகலாம், உண்மைதான். நான் கார் வைத்திருந்தது நறுவிலிக்குளத்துக்குப் போகத்தான். உனக்குக் கணக்குப் படிப்பித்த சரஸ்வதி ரீச்சருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா? அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே மேசையில் இருந்து மார்க்ஸ் போட்டவர்கள். கிழமைக்கு ஒருநாள் போய் அவரோடு இருந்துவிட்டு வருவேன். நான் பேப்பரை வாசிப்பேன், அவர் கேட்பார். அவரால் பேச முடியாது. "ஓம்", "பிறகு" என்று இரண்டொரு சொற்கள் மட்டும் வாயில் வரும், அதுவும் இடம் மாறி வரும். தண்ணீர் வேண்டும் என்றாலும் "பிறகு" என்பார். ஆனால் தேவாரம் முழுதாகப் பாடுவார், ஒரு சொல் தவறாது. பாடி முடித்ததும் நான் கைதட்டுவேன். இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

கார் முதலில் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னது. காலையில் கியரைப் போட்டால் உடனே நகராது, கொஞ்சம் யோசித்துவிட்டு ஓர் உதை உதைத்துப் புறப்படும். பிறகு வேகம் எடுக்கும்போது எஞ்சின் மட்டும் அலறும், கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வழுக்குகிற நிலத்தில் ஓடுகிற மாதிரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? றேடியோவைக் கூட்டி வைத்தேன். வகுப்பில் பின்வாங்கில் சத்தம் கேட்டால் அடுத்த நொடியே எழுப்பி நிறுத்துகிற ஆள் நான், என் காரின் சத்தத்தைக் கேட்கப் பயந்துபோய்ப் பாட்டுப் போட்டேன். அப்போதே கொண்டுபோய்க் காட்டியிருந்தால் எண்ணெயை மாற்றுவதோடு முடிந்திருக்கும் என்று பிறகு கராஜ் வைத்திருக்கிற அன்ரன் சொன்னான். உன் வாகனம் ஏதாவது சத்தம் போட்டால் நீயும் என்னைப் போல இருந்துவிடாதே. பயமாக இருந்தாலும் அன்றைக்கே போய்க் கேள்.

ரிவர்ஸ் கியர் பழுதானது கோயில் வளவில். பூசை முடிந்து எல்லாரும் வெளியில் வருகிற நேரம். மதிலுக்கு நேரே காரை விட்டிருந்தேன். பின்னுக்கு எடுக்கக் கியரைப் போட்டால் எஞ்சின் உறுமுகிறது, கார் அசையவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். பாடகர் குழுப் பிள்ளைகள் வந்து முன்னால் கைவைத்துத் தள்ளி விட்டார்கள். "ரீச்சர், நாங்கதான் உங்கட ரிவர்ஸ்" என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் வளவுக்குள் வட்டமடித்துக் காரைப் படலையைப் பார்த்தபடி நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு கொஞ்சக்காலம் பின்னுக்குப் போகாத காரோடுதான் வாழ்ந்தேன். போகிற இடமெல்லாம் சுற்றி வெளியே வரலாமா என்று முதலே யோசிப்பேன். கடை வாசல்களில் நிறுத்துவதில்லை, தூரத்தில் திறந்த வெளியில் விட்டுவிட்டு நடப்பேன். முட்டுச்சந்துக்குள் வீடு இருக்கிறவர்களைப் பார்க்கப் போவதை விட்டேன். உன் பெரியம்மா வீட்டுக்கும் அதனால்தான் போகவில்லை, அவ நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தா. ஒருநாள் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றுக்குள் மீன் லொறி ஒன்று நேரே வந்து நின்றது. லொறிக்காரர் தலையை வெளியில் நீட்டி, "அம்மா, கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ" என்றார். "ஏலாது தம்பி" என்றேன். "நான் லோட்டோட நிக்கிறன், ஐஸ் கரையுது" என்றார். "தம்பி, என்ர காருக்குப் பின்னுக்குப் போகத் தெரியாது" என்றேன். அவர் இறங்கி வந்து, கியரைத் தானே போட்டுப் பார்த்து, "அல்லாவே, இதை வைச்சுக்கொண்டா ஊரெல்லாம் ஓடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவ்வளவு மீனோடும் தன் லொறியைப் பின்னுக்கு எடுத்தார். நான் கடந்து போகும்போது ஹோர்ன் அடித்துக் கும்பிட்டேன். அன்றைக்கு முழுவதும் நான் கதைத்தது அவர் ஒருவரோடுதான்.

பிறகுதான் அன்ரனின் கராஜுக்குப் போனேன். உன்னோடு படித்த அதே அன்ரன்தான், இப்போது முன்தலை வெளித்துவிட்டது. எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, சட்டி அடிப்பிடித்த மணம் வந்தது.

"உள்ளுக்குத் தட்டுகள் எரிஞ்சு போச்சு, ரீச்சர். இனி எண்ணெய் மாத்தினால் இருக்கிறதும் போகும்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"கொழும்புக்கு அனுப்பி முழுசாப் பிரிச்சுச் செய்யலாம். நல்ல வேலை, ஆனால் காரின்ர பாதி விலை வரும். இல்லாட்டி மனுவல் கியருக்கு மாத்தி விடலாம், அது மலிவு."

"என்ர கால், அன்ரன்."

"ஓம், மறந்து போனன். அப்ப அடிபட்ட கார் ஒண்டில இருந்து பழைய கியர்ப் பெட்டியைக் கழட்டிப் போடலாம். அது எத்தினை நாளைக்கு ஓடுமெண்டு நானும் சொல்லமாட்டன், மாதாவும் சொல்லமாட்டா." பிறகு துணியை மடித்துக்கொண்டே கேட்டான், "உங்கட மகனிட்டச் சொல்லட்டோ? நான் சொன்னால் காசு அனுப்புவான்."

"சொன்னியெண்டால் இனி உன்ர கராஜ் வாசல் மிதியன்" என்றேன்.

அந்த ஞாயிறு கார் கொஞ்சம் பழுது என்று மட்டும் உனக்குச் சொன்னேன். "வித்துவிடுங்கோ அம்மா, தேவையெண்டால் ஓட்டோ பிடியுங்கோ, அதுதான் மலிவு" என்றாய். கணக்கில் நீ சொன்னது சரி. கணக்கு ரீச்சரிடம் படித்தவன் அல்லவா. புதுக் கார் ஒன்றை இந்த நாட்டில் இனி நினைக்கவே ஏலாது, பழசை விற்றால் கொஞ்சம் காசு கையில் மிஞ்சும். நானும் அப்படியே செய்து பார்த்தேன். ஓட்டோ பிடித்து நறுவிலிக்குளம் போனேன். ஓட்டோக்காரப் பிள்ளை நல்ல பிள்ளை, வெளியில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றான். ஆனால் நான் பேப்பரின் முதல் பக்கம் வாசித்து முடிப்பதற்குள் ஒருதரம் எட்டிப் பார்த்தான். சரஸ்வதி அதைக் கண்டுவிட்டார். இடது கையால் என் கையைத் தள்ளி, போ போ என்று காட்டினார். அடுத்த முறை பஸ்ஸில் போனேன். இறங்கி வயல் வெளியால் நடந்த நடையில் முழங்கால் வீங்கி இரண்டு நாள் கட்டிலில் கிடந்தேன். வீடியோ கோல் எடு என்பாய். பேச்சு வராத ஒருவருக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் என் முகத்தைக் காட்டினால் அவர் அழுகிறார், மகன். பக்கத்தில் இருந்தால் அழுவதில்லை.

அதனால் இன்னொரு தரம் என்று பழுதான காரையே எடுத்துக்கொண்டு போனேன். செய்யக்கூடாத வேலை. போகும்போது ஓடியது. திரும்பி வரும்போது தாம்போதிப் பாதையின் நடுவில், இரண்டு பக்கமும் கடலாக இருக்கிற இடத்தில், எஞ்சின் ஒருதரம் பெரிதாக அலறிவிட்டு அப்படியே விட்டுவிட்டது. எந்தக் கியரிலும் அசைவில்லை. ஓரத்தில் உருண்டு நின்றேன். சோளகக் காற்று காரைப் பிடித்து ஆட்டியது. பஸ்கள் கடந்து போகிறபோது ஒருதரம் அதிரும், பிறகு காற்றின் சத்தம் மட்டும். ஃபோனை எடுத்து யாருக்கு அடிக்கலாம் என்று பெயர்களைப் பார்த்துக்கொண்டு போனேன். அப்பாவின் நம்பர் இன்னும் அதில் இருக்கிறது. உன் நம்பர் இருந்தது, அங்கே நீ இரவு வேலை முடித்துப் படுத்திருக்கும் நேரம். சரஸ்வதியின் நம்பர் இருந்தது, அவரால் எடுத்து என்ன சொல்ல முடியும்? அவ்வளவு பெயர்கள் இருந்தும், நடுக்கடலில் நிற்கிறேன், வா என்று நான் சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் அகப்படவில்லை. ஊருக்குள் எல்லாரும் என்னை மதிப்பார்கள். கண்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். படிப்பித்த காலத்தில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு அந்த மதிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நின்றன. பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டியிருந்தால் ஆசையாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். கடைசியில் அன்ரனுக்குத்தான் அடித்தேன். கயிறு கொண்டுவந்து கட்டி இழுத்துப்போனான். வழிமுழுக்க ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் கொட்டிலுக்குள் போய்ச் சாக்கை விலக்கி எஞ்சினைப் பார்த்தேன். கனநேரம் பார்த்தேன். காரை விற்றால் நான் வீட்டுக்குள் இருப்பேன். உன்னிடம் கேட்டால் நீ இன்னொரு ஷிப்ட் வேலை செய்வாய், உன் குரலில் இப்போதே நித்திரை இல்லை. மிஞ்சியது இதுதான். கரையில் எட்வினின் எஞ்சின் உடைந்துபோய் அவன் வேறொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறான் என்று அவன் மனைவி கோயிலில் சொல்லியிருந்தாள். கூப்பிட்டனுப்பினேன். அவன் வந்து பெரிய பரலில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினைக் கொழுவி, கயிற்றை இழுத்தான். முதலில் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. முந்தி விடியப்புறங்களில் நான் படுக்கையில் கிடந்து கேட்ட அதே சத்தம். அப்பா கரைக்கு வருகிறார் என்று அதை வைத்துத்தான் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பேன். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எட்வின் வந்து மெதுவாக, "ரீச்சர், மனமில்லாட்டி வேண்டாம், நான் குறையா நினைக்கமாட்டன்" என்றான். "கொண்டு போ, தம்பி. கடலில ஓடட்டும்" என்றேன். விலையையும் அவன் குறைத்துக் கேட்கவில்லை. சொன்ன விலையைத் தந்தான்.

கியர்ப் பெட்டி பார்க்க அன்ரனோடு வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனேன். "கழட்டி வைச்சிருக்கிறதை வாங்கக்கூடாது, ரீச்சர். காருக்குள்ள இருந்து ஓடேக்க பாத்துத்தான் வாங்கோணும்" என்று அவன் பிடிவாதமாக நின்றான். பழைய வாகனங்கள் உடைக்கிற வளவு ஒன்றில் எங்களுடையதைப் போலவே ஒரு கார், பின்பக்கம் முழுவதும் நசுங்கிக் கிடந்தது. முன்பக்கத்துக்கு ஒன்றுமில்லை. நான்தான் ஏறி உட்கார்ந்து ஓடிப் பார்த்தேன். முன்னுக்கு ஒரு வாகன நீளம், பின்னுக்கு ஒரு வாகன நீளம். தயங்காமல் போனது. கண்ணாடிக்குக் கீழே சின்னப் பிள்ளையார் ஒட்டியிருந்தது, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் தலைமயிர்க் கிளிப். "இதில வந்த ஆக்களுக்கு ஏதும் நடந்ததோ?" என்று வளவுக்காரரிடம் கேட்டேன். "தெரியாதம்மா, எங்களிட்டக் காரை மட்டும்தான் தாறவை" என்றார். கிளிப்பை எடுக்க மனம் வரவில்லை, அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றிரவு செபத்தில் அந்தப் பெயர் தெரியாத பிள்ளைக்காகவும் சொன்னேன்.

பெட்டி பூட்டிக் கார் கைக்கு வந்ததும் நேரே நறுவிலிக்குளம் போனேன். சரஸ்வதியின் வாசலில் புதுச் செருப்புகள் இருந்தன. திருகோணமலையிலிருந்து அவருடைய மகள் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, "அன்ரி, அம்மாவை எங்களோட கொண்டுபோறம். இஞ்ச பாக்க வாற மனுஷியை நம்பித் தனிய விட ஏலாது. மாசக் கடைசியில ஏத்திக்கொண்டு போக வான் வருது" என்றாள். நல்ல பிள்ளை. செய்ய வேண்டியதைத்தான் செய்கிறாள். நான் "நல்லது பிள்ளை, நல்லது" என்று சொன்னேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் இருந்து சரஸ்வதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிறகு" என்றார். "பிறகு, பிறகு" என்றார்.

அந்த மாதம் கிழமைக்கு ஒருநாள் என்ற கணக்கை விட்டுவிட்டேன். மனம் சொன்னபோதெல்லாம் போனேன். ஒருநாள் மகளும் நானுமாகச் சரஸ்வதியைத் தூக்கி முன் சீற்றில் இருத்தினோம். சந்தைப் பை இருக்கிற இடத்தில் ஒரு மனுஷி. வங்காலைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணல் தொடங்குகிற இடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர், கடல் அவ்வளவு கிட்ட இருந்தும் சும்மா போய் உட்கார அவருக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை. காற்று முகத்தில் பட அவர் பாடத் தொடங்கினார். மகள் ஃபோனில் படம் பிடிக்கப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பாட்டு முடிந்ததும் நான் கைதட்டவில்லை. அவர் இடது கையால் என் கையைத் தேடிப் பிடித்து, "ஓம்" என்றார். இந்த முறை சரியான இடத்தில் வந்தது.

வான் வந்த அன்று நான் போகவில்லை. போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், உடுத்தும் இருந்தேன், கார்த் திறப்பும் கையில் இருந்தது. காருக்குள் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அது பிழை. வழியனுப்ப வேண்டியவர்களை வழியனுப்பியே ஆகவேண்டும், மகன். எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் போய் நில். நீ கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குள் போன அன்று அப்பா கண்ணாடிக்கு வெளியே கடைசிவரை நின்றார், நான்தான் வானுக்குள் போய் இருந்துகொண்டேன். நீ திரும்பிப் பார்த்தபோது அவர் தனியாக நின்றதைப் பற்றி நீ ஒருநாளும் கேட்கவில்லை.

இவ்வளவு செலவழித்து, அப்பாவின் எஞ்சினையும் விற்று, ஒரு மாத ஓட்டத்துக்காகவா என்று நீ கேட்கலாம். ஓம், அவ்வளவுதான். திரும்பவும் அதே நிலை வந்தால் அதையே செய்வேன். ஆனால் இப்போது என்னிடம் நன்றாக ஓடுகிற கார் இருக்கிறது, போவதற்கு இடம் இல்லை. காலையில் ஸ்ராட் பண்ணி, சூடேறும்வரை உள்ளே இருந்துவிட்டு நிறுத்துகிறேன். பெரியம்மா வீட்டுக்குப் போனேன், அவ கோபம் தீர்ந்து ஒடியல் கூழ் தந்தா. அவவுக்குக் காது கேட்காது, சீக்கிரம் வந்துவிட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ வீட்டுக் கடனோடும் பனியோடும் படுகிறபாடு எனக்குத் தெரியும். நான் நல்லாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வதை இந்த ஒருமுறை எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் மடுத் திருநாளுக்கு வருவோம் என்று போன வருஷமும் சொன்னாய், அதற்கு முந்திய வருஷமும் சொன்னாய். வந்தால் விமான நிலையத்தில் வான் பிடிக்காதே. ரயில் ஏறி மதவாச்சியில் இறங்கு, நான் காரோடு வந்து நிற்பேன். இரண்டு பிள்ளைகளும் மருமகளும் பின்னுக்கு இருக்கலாம். முன் சீற்றை உன் காலுக்கு ஏற்றமாதிரிப் பின்னால் தள்ளி வைத்திருப்பேன். அவ்வளவு தூரம் இந்தக் காரை நம்பி வரலாமா என்று அன்ரனிடம் கேட்டேன். மெதுவாகப் போனால் வரலாம் என்றான். நான் மெதுவாகத்தான் ஓடுவேன், மகன்.

அம்மா